காமிராவுக்கு ஏற்ற லென்ஸ் எது?

(காரியாபட்டி பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில், பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களும் விவசாயிகளும் கூடியிருந்தபோது வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய பேச்சு)



வளர்ச்சி அலுவலகத்தார் வந்தால் கண்மாய், கிணறு, ரஸ்தா, குடிநீர் என்று ஏதாவது பேசுவார்கள்; இன்று காமிரா லென்ஸைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் வியப்படையக்கூடும். சில பஞ்சாயத்துகளும் ஓர் உழவர் குழுவும் புதிதாகக் காமிரா வாங்க எண்ணி, “எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்று எங்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் புகைப்படக் கலையில் பெரும் புலமை உண்டு என்பதால் அவர்கள் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நாங்கள் ஒருமுறை ஏமாந்தவர்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதனால்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறோம். ஆகவே ஏமாந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

நம் வட்டாரத்தில் ஓர் ஏக்கரில் மிளகாய் போட்டிருந்த விவசாயி ஒருவர், செடியின் இளந்தளிர்கள் சுருண்டுபோவதைக் கண்டார். தம் கைப்பேசியில் படம் எடுத்து மருந்துக் கடையில் காட்டினார். படத்தில் பச்சையாக ஏதோ கலங்கித் தெரிந்ததே தவிர, வேறொன்றும் விளங்கவில்லை. “இலைப்பேன்தான்” என்று அதற்குரிய பூச்சி மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தும் சுருட்டல் நிற்கவில்லை. பிறகு நான்கு இலைகளைக் கிள்ளிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அப்போதுதான் புதிதாகக் காமிரா வாங்கி வைத்திருந்தோம். பெருமையுடன் அதை எடுத்து இலைக்கு அருகே கொண்டுபோனோம். மிக அருகே போனால் லென்ஸ் குவிய மறுத்தது. விலகி நின்று எடுத்தால் இலை தெரிந்தது, இலையின்மீது இருந்தது தெரியவில்லை. பெட்டியில் இன்னொரு நீண்ட லென்ஸ் இருந்தது. அதை மாட்டினால் நாலடி தள்ளி நின்றால்தான் குவிந்தது.

முடிவில் இலைகளைக் காகித உறையில் வைத்து, பூச்சியியல் அறிந்த ஒரு நண்பரிடம் பஸ்ஸில் அனுப்பினோம். அவர் உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, இது இலைப்பேன் அன்று, மஞ்சள் முரணைச் சிலந்தி என்றார். மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால் உள்ளது. அதற்கு நனையும் கந்தகம் போன்ற சிலந்திக்கொல்லி வேண்டும். பூச்சி மருந்துகள் சிலவற்றால் சிலந்தி பெருகுவதும் உண்டு. இதைத் தெரிந்துகொள்வதற்குள் பூ உதிர்ந்து, ஒரு பறிப்பு முழுவதும் போயிற்று. இரண்டு தெளிப்பின் செலவும் வீண். அந்த விவசாயி எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “காமிராவே ஆபீசுல இருந்துச்சே” என்று மட்டும் சொன்னார். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தவறு காமிராவில் இல்லை. எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்று எண்ணாமல் வாங்கிய எங்களிடத்தில்தான் இருந்தது. பாடிக்குப் பெரும் பணத்தைக் கொடுத்துவிட்டு, லென்ஸைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டோம். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கிக் கிணற்றில் இறக்கிவிட்டு, அதில் அரை அங்குலக் குழாயை மாட்டுவதைப் போன்ற செயல் அது. பாடி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் இரண்டு மூன்று பாடிகளுக்கு உழைக்கும்.

பஞ்சாயத்துக்குக் காமிரா எதற்கு என்று முதலில் பார்ப்போம். வேலை நடக்கும் இடத்தின் படங்களைக் கைப்பேசிச் செயலிகளின் வழியாகவே ஏற்றும் வழக்கம் வந்துவிட்டது. அதற்குக் காமிரா வேண்டியதில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கண்டுபிடிக்கவும் கைப்பேசி பெரும்பாலும் போதும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அவ்வாண்டே நம் மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். வளர்ந்த புழு ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கும். தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற கோடும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் உண்டா என்று பார்க்க, கை நடுங்காமல் எடுத்த கைப்பேசிப் படமே உதவும். இதைச் சொல்லாமல் காமிரா வாங்கச் சொன்னால் அது நேர்மையாகாது.

கைப்பேசி தடுமாறும் இடங்கள் இரண்டு. மாலையில் ஒரே ஒரு குழல்விளக்கின் வெளிச்சத்தில் நடக்கும் கூட்டம் ஒன்று. பருத்தியில் வெள்ளை ஈ, மிளகாயில் இலைப்பேன், சிலந்தி ஆகிய இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான உயிர்கள் மற்றொன்று. முன்னதற்குப் பொது உபயோக லென்ஸ் வேண்டும். பின்னதற்கு மாக்ரோ லென்ஸ், அல்லது அதன் வேலையைச் செய்யும் மலிவான துணைச் சாதனம் வேண்டும்.

பொது உபயோகத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புதுக் காமிராவுடன் பெரும்பாலும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சேர்ந்தே வரும். அதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. நாங்கள் அப்படிப் பேச மாட்டோம். கண்மாய்க் கரை முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமானால் 18. கரையில் நிற்பவர் முகம் தெரிய வேண்டுமானால் 55. பகலில் இதைவிட வேறு வேண்டியதில்லை. இரவில்தான் இதன் குறை தெரியும். இதன் துவாரம் 55-இல் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. எஃப் 1.8 திறக்கும் ஒரே குவியத்தூர லென்ஸ் இதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கேனன் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8, நிக்கான் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஆகியவை இவ்வகையில் விலை குறைந்தவை.  பழையது இன்னும் குறைவு.

இரண்டில் எது? சிறிய தகடு கொண்ட காமிராவில் 50 மில்லிமீட்டர் குறுகிய பார்வை உடையது. சத்துணவுக் கூடத்துக்குள் நின்றுகொண்டு பத்துக் குழந்தைகளை எடுக்க வேண்டுமானால், முதுகு சுவரில் முட்டும். அப்போதும் ஐந்து குழந்தைகள்தான் விழுவார்கள். அறைக்குள் 35 நல்லது. மேடையில் பேசுபவரை எடுக்கவும், பின்னால் சொல்லப்போகும் வளையத்தை மாட்டிப் பூச்சியைப் படம் பிடிக்கவும் 50 நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விவசாயிகள் குழுவுக்கு 50, பஞ்சாயத்துக்கு 35 என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி மாக்ரோவுக்கு வருவோம். இதற்கு ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். காமிராவுக்குள் படம் விழும் ஒளியுணர் தகடு, நாம் சொல்லும் விலையிலுள்ள காமிராக்களில், ஒரு சிறிய தபால் தலை அளவுதான். அகலம் சுமார் 23 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 6,000 புள்ளிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ‘1:1’ என்று ஒரு லென்ஸில் எழுதியிருந்தால், பூச்சி எவ்வளவு பெரியதோ அதே அளவில் தகட்டில் விழும் என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை ஈ அப்போது தகட்டில் ஒரு மில்லிமீட்டரை அடைத்து, ஏறக்குறைய 250 புள்ளிகளால் ஆன உருவமாகும். இறக்கையை எண்ணலாம். காமிராவோடு வரும் 18–55 லென்ஸ் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எட்டும். அதில் அதே ஈ அறுபது, எண்பது புள்ளிகளாகும். சிலந்தியோ ஈயில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. அந்த லென்ஸில் அதற்குப் பத்துப் பதினைந்து புள்ளிகளே கிடைக்கும். தூசியா, சிலந்தியா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று எங்களுக்கு நேர்ந்தது அதுவே. 1:1 லென்ஸ் இருந்திருந்தால் ஐம்பது புள்ளிகள் கிடைத்திருக்கும். அழகிய படம் வந்திராது. அடையாளம் காணப் போதுமான படம் வந்திருக்கும்.

ஆகவே கடையில் ‘மாக்ரோ’ என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம், விகிதத்தைக் கேளுங்கள். நீண்ட ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் ‘மாக்ரோ’ என்று பொறித்திருக்கும்; உள்ளே பார்த்தால் 1:2 அல்லது 1:4 தான். நிக்கான் நிறுவனத்தார் உண்மையான மாக்ரோ லென்ஸை ‘மைக்ரோ’ என்று எழுதுவார்கள். பெயர் வேறு, பொருள் ஒன்று.

விகிதத்துக்கு அடுத்தது இடைவெளி. நிக்கான் 40 மில்லிமீட்டர் மைக்ரோ விலை குறைந்தது, 1:1 கொடுப்பது, நல்ல லென்ஸும்தான். ஆனால் முழு அளவு வேண்டுமானால் லென்ஸின் முகம் இலைக்கு இரண்டு விரற்கடைக்குள் போக வேண்டும். அவ்வளவு அருகே போனால் லென்ஸின் நிழலே இலையை மூடிவிடும். நிழல் பட்டதும் வெள்ளை ஈ பறந்துவிடும். 90, 100 மில்லிமீட்டர் மாக்ரோவில் நான்கைந்து அங்குல இடைவெளி கிடைக்கும். காட்டில் எடுப்பதற்கு இதுவே சிறந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. டாம்ரான் 90 மில்லிமீட்டர் மாக்ரோ 1979 முதல் பல உருவங்களில் வந்துகொண்டிருப்பது. ஆகையால் பழையது கிடைப்பது எளிது. ஆனால் தொடக்க கால உருவங்கள் 1:2 வரைதான் போகும்; பின்னால் வந்தவையே 1:1. புதிது வாங்கினால் முன் சொன்ன 50 மில்லிமீட்டர் லென்ஸின் விலையைப் போல் மூன்று நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஆகும்.

அவ்வளவு பணம் இல்லையே என்பீர்கள். எங்களிடமும் இல்லை. முதல் காமிராவுக்கே கணக்கு எழுதி முடியாத நிலையில் இன்னொரு லென்ஸுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அந்த நெருக்கடியில்தான் மலிவான வழிகளைத் தேடினோம்.

ஒன்று, வளையம். பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழல் அது. உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைத் தகட்டிலிருந்து தள்ளி வைப்பதால் அருகில் உள்ள பொருள் குவிகிறது. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் பெருக்கம் தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் 36 மில்லிமீட்டர் வளையம் சேர்த்தால், லென்ஸின் சொந்தப் பெருக்கத்தையும் கூட்டி, ஏறக்குறைய 1:1 வந்துவிடும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு விற்கும் வளையங்களில் மின்தொடர்பு கிடையாது. அதை மாட்டினால் இக்காலத்து லென்ஸ்களில் துவாரத்தை மாற்ற முடியாது, படம் கெடும். மின்தொடர்பு உள்ள வளையமாகக் கேட்டு வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடும், கொடுக்கலாம்.

மற்றொன்று, லென்ஸின் முகத்தில் மாட்டும் முகப்புக் கண்ணாடி. எங்களுக்குக் கைகொடுத்தது இதுவே. ரேனாக்ஸ் நிறுவனத்தின் ‘250’ என்ற எண்ணுள்ள கண்ணாடி எட்டு டயாப்டர் சக்தி உடையது; 50 மில்லிமீட்டர் லென்ஸின் விலைகூட ஆகாது. இதை 18–55 லென்ஸில் மாட்டினால் பெரிய பயன் இல்லை. ஆனால் அலமாரியில் சும்மா கிடந்ததே நீண்ட லென்ஸ், அதில் மாட்டி 200 மில்லிமீட்டரில் வைத்தோம். ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது 1:1-ஐயும் தாண்டிப் பெருக்கம் கிடைத்தது. இலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஐந்து அங்குல இடைவெளியும் இருந்தது. தண்டச் செலவு என்று எந்த லென்ஸைப் பற்றித் தணிக்கையில் பதில் சொல்லத் தயாராக இருந்தோமோ, அதே லென்ஸில்தான் மிளகாய்ச் சிலந்தியை முதன்முதலாகப் படம் எடுத்தோம். உங்கள் வீட்டிலோ, உறவினர் நடத்தும் ஸ்டூடியோவிலோ இப்படி ஒரு நீண்ட லென்ஸ் கிடந்தால், புதிது வாங்குவதற்குமுன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இருப்பதைச் சேர்த்து வேலை வாங்குவது இழிவு என்று யாரும் எண்ண வேண்டாம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர், இந்தியக் காட்டு விலங்குகளைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். அவர் பல கருவிகளின் பாகங்களை ஒட்டவைத்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்டு, அதற்கு வேடிக்கையாகப் பெயரும் சூட்டி, அதனுடன் காட்டில் திரிந்தார்.

லென்ஸ் வந்துவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. 1:1 அளவில், துவாரம் எஃப் 8-இல் இருக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஈயின் தலை தெளிந்தால் வால் கலங்கும். ஆகவே எஃப் 11, 16 என்று துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் இருட்டும். 1:1-இல் லென்ஸே நான்கில் மூன்று பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகையால் பிளாஷ் விளக்கு அவசியம். பிளாஷின்மேல் வெள்ளை வேட்டித் துணியை ஒரு மடிப்புப் போட்டுக் கட்டினால் வெளிச்சம் மென்மையாக விழும். இலை பளபளத்துக் கண்ணைக் கூசாது. குவிய வைப்பதற்கு லென்ஸைத் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை முன்னும் பின்னும் இலேசாக அசைத்து, தெளிந்த கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பிலிம் செலவு கிடையாது.

ஆடிக் காற்றில் இதெல்லாம் நடக்காது. காலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள், காற்று எழுவதற்குமுன் எடுங்கள். அந்நேரம் பூச்சிகளும் குளிரில் மந்தமாக இருக்கும். இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். பூச்சியின் நீளம் தெரிந்தால் பாதி விடை கிடைத்தது போலத்தான். பிறகு சற்று விலகி முழுச் செடியையும், இன்னும் விலகி வயலையும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தாருக்கோ, பருத்தியானால் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாருக்கோ அனுப்பலாம். 2024 ஆகஸ்டில் மத்திய வேளாண்மை அமைச்சகம் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. அதன் செயலி படத்தைப் பார்த்தே பூச்சியை அடையாளம் காண முயல்கிறது. மனிதரானாலும் இயந்திரமானாலும் கலங்கிய படத்திலிருந்து சரியான பதிலைச் சொல்ல இயலாது.

பத்து மடங்கு கைலென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே, அதில் சிலந்தி தெரியாதா என்று இங்கே ஒரு பெரியவர் கேட்டார். நன்றாகத் தெரியும். ஒவ்வொரு விவசாயியும் முதலில் வாங்க வேண்டியது அதுதான். காமிரா அதற்கு மேற்பட்ட ஒரு வேலையைச் செய்கிறது. நீங்கள் கண்டதை இருபது மைலுக்கு அப்பால் உள்ளவருக்குக் காட்டுகிறது. அடுத்த ஆண்டுக்கும் வைத்துக் காட்டுகிறது. 6,000 புள்ளி அகலமுள்ள படத்தைச் சிவகாசி அச்சகத்தில் கொடுத்தால் இருபது அங்குல அகலத்தில் தெளிவான சுவரொட்டியாக அடித்துத் தருவார்கள். காலண்டர் அடிக்கும் ஊர் பக்கத்தில் இருக்கும்போது, நம் மிளகாய்க் காட்டுச் சிலந்தியின் படம் ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ஏன் தொங்கக் கூடாது?

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? லென்ஸுக்குப் பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் பாதகமில்லை. உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நிக்கானின் விலை குறைந்த பாடிகள் சிலவற்றில் உள்மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் மாட்டினால் தானாகக் குவியாது. மாக்ரோ வேலைக்குக் கையால் குவிப்பதே வழக்கம் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்; கூட்டம் எடுப்பதற்கு அது தொந்தரவு. கேனனின் பழைய ‘ஈஎஃப்’ லென்ஸ்களை, கண்ணாடிப் பெட்டி இல்லாத புதிய ‘ஆர்எஃப்’ பாடிகளில் இணைப்பு வளையம் போட்டு மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட வழியில்லை. கரிசல் தூசி எதிலும் நுழையும். ஆகவே காட்டில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு மாக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது வீண் செலவு. பஞ்சாயத்துக்கு ஒரு பாடி, அதனுடன் வரும் லென்ஸ், முடிந்தால் 35, அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நான்கைந்து ஊர் விவசாயிகள் சேர்ந்து, எல்லாரும் ஒரே கம்பெனிப் பாடி வைத்துக்கொண்டு, பழைய 90 மில்லிமீட்டர் மாக்ரோ ஒன்றைப் பொதுவில் வாங்கி, மருந்து தெளிக்கும் கருவியை முறை வைத்துக் கொள்வதுபோல முறை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி மாறினால் லென்ஸ் மாட்டாது. இதை மட்டும் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதுவரை எங்கள் அலுவலகத்து நீண்ட லென்ஸும் முகப்புக் கண்ணாடியும் திங்கட்கிழமை தோறும் காலையில் இதே மேஜைமீது இருக்கும். சுருண்ட இலை, துளைத்த காய், எதுவானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் கையாலேயே எடுத்துப் பழகலாம். இலையைக் காகித உறையில் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, இங்கு வந்து சேர்வதற்குள் அழுகிவிடுகிறது.